காசியோப்பியா ஏ: ஒரு விண்மீன் விட்டுச்சென்ற கணக்கு

காசியோப்பியா ஏ என்னும் சூப்பர்நோவா எச்சத்தின், அதாவது வெடித்துச் சிதறிய விண்மீன் ஒன்றின் மிச்சத்தின், வண்ணப் படத்தை வானியல் ஆர்வலர்கள் பலரும் எங்காவது பார்த்திருப்பார்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஊதாவும் பின்னிக்கிடக்க, விளிம்பில் மெல்லிய நீல இழைகள் ஓடும் படம் அது. சந்திரா எக்ஸ் கதிர் விண்நோக்கி எடுத்தது என்று கீழே குறிப்பு இருக்கும். அந்த வண்ணங்களில் ஒன்றுகூட எந்தக் கண்ணும் கண்டதல்ல. சந்திரா பூமிக்கு அனுப்புவது, அடிப்படையில், ஒரு நீண்ட பட்டியல்: ஒவ்வொரு எக்ஸ் கதிர் ஃபோட்டானும் (ஒளித்துகளும்) உணரியின் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு ஆற்றலோடு வந்து விழுந்தது என்று வரிசையாகக் குறிக்கும் பட்டியல். படம் என்பது அதிலிருந்து பிறகு நாம் வரைந்துகொள்வது. தொழிலால் நான் வானியலாளன் அல்லன். ஆனால் பொதுவில் கிடைக்கும் இந்தப் பட்டியல்களை மடிக்கணினியில் இறக்கிப் புரட்டிப் பார்ப்பது சில ஆண்டுகளாக என் பொழுதுபோக்கு. அந்த விண்மீன் எப்படி இறந்தது என்பதைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, படத்தின் அழகில் அல்லாமல் இந்தப் பட்டியலின் இடம், ஆற்றல், நேரம் என்ற மூன்று பத்திகளில்தான் இருக்கிறது என்பதை அப்படிப் புரட்டியபோதுதான் உணர்ந்தேன்.

எக்ஸ் கதிர்களைப் பிடிப்பது எளிதன்று. விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைக் காற்று மண்டலம் முழுவதுமாக உறிஞ்சிவிடுவதால், தரையில் எவ்வளவு பெரிய கருவியை நிறுத்தினாலும் பயனில்லை. ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு 1962 ஜூன் மாதம் நியூ மெக்சிகோவிலிருந்து ஒரு சிறு ராக்கெட்டை ஏவி, சூரியக் குடும்பத்துக்கு வெளியேயிருந்து வரும் முதல் எக்ஸ் கதிர் மூலத்தைக் கண்டது. அந்த ராக்கெட் காற்றுக்கு மேலே இருந்தது சில நிமிடங்களே. அடுத்த சிக்கல், இந்தக் கதிர்களைக் குவிப்பது. சாதாரண ஆடியில் நேராக மோதும் எக்ஸ் கதிர் திரும்பாது. உள்ளே புகுந்து மறைந்துவிடும். குளத்து நீரில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து வீசினால்தான் தத்திக்கொண்டு போகும் என்பதுபோல, ஆடிப் பரப்பை ஏறத்தாழ ஒரு பாகைக்கும் குறைவான கோணத்தில் உரசிக்கொண்டு போகும் கதிர் மட்டுமே எதிரொளிக்கும். ஆகவே சந்திராவின் ஆடிகள் தட்டு வடிவில் இல்லை. அகன்ற குழாய்களாக, ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு அடுக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு குழாயின் முன்பாதி பரவளைய வடிவம், பின்பாதி அதிபரவளைய வடிவம். வெளிக்குழாயின் விட்டம் 1.2 மீட்டர், உட்பரப்பில் இரிடியம் பூச்சு, ஒளி குவியும் இடம் 10 மீட்டர் தள்ளி. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் வரும் ஒரு கூறில் பாதியளவு நுணுக்கம் வரை இந்த ஆடிகள் பிரித்துக் காட்டும். இவ்வளவு கூர்மை வாய்த்த வேறொரு எக்ஸ் கதிர் விண்நோக்கி இன்றுவரை பறக்கவில்லை.

1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடம் சந்திராவைச் சுமந்து சென்றது. விண்ணோடப் பயணம் ஒன்றுக்கு முதன்முறையாகத் தலைமை ஏற்ற பெண்ணான எய்லீன் காலின்ஸ் அதன் தளபதி. வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் சூட்டப்பட்ட இந்த விண்நோக்கி ஏவப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை, 1995இல் மறைந்துவிட்டார். மனைவி லலிதா ஏவுதளத்துக்கு வந்திருந்தார். நீள்வட்டப் பாதையில் பூமியைச் சுற்றிவர சந்திராவுக்கு ஏறத்தாழ 64 மணி நேரம் ஆகிறது. நிலாவுக்கு உள்ள தொலைவில் மூன்றில் ஒரு பங்குக்கும் அப்பால் வரை போய்வருகிறது. பூமியின் மறைப்பும், பூமியைச் சூழ்ந்து மின்னேற்றத் துகள்கள் சிக்கிக்கிடக்கும் கதிர்வீச்சுப் பட்டைகளும் இல்லாத நீண்ட பொழுது கிடைப்பதற்காகவே இப்படி ஒரு பாதை.

அந்தப் பட்டைகள் தொடக்கத்திலேயே வேலையைக் காட்டிவிட்டன. சந்திரா அவற்றைக் கடந்த முதல் சில சுற்றுகளில், குறைந்த ஆற்றல் கொண்ட புரோட்டான்கள் அதே ஆடிகளில் உரசி எதிரொளித்து, கேமராவின் சிசிடி எனப்படும் ஒளியுணர் சில்லுகளைத் தாக்கின. எக்ஸ் கதிரைக் குவிக்கக் கட்டிய கருவி புரோட்டானையும் குவிக்கும் என்பது முன்கூட்டிக் கணக்கில் வராமல் போயிற்று. முன்பக்கமாக ஒளி வாங்கும் எட்டுச் சில்லுகளின் தரம் குறைந்தது. பின்பக்கமாக ஒளி வாங்கும் இரண்டு சில்லுகளில் மென்மையான பகுதி மறுபுறம் இருந்ததால் அவை தப்பின. அதன் பிறகு பட்டைகளைக் கடக்கும்போதெல்லாம் கேமராவைக் குவியப் புள்ளியிலிருந்து நகர்த்தி வைக்கிறார்கள். தப்பிய சில்லுகளில் எஸ்3 என்பதன்மேல்தான் காசியோப்பியா ஏ-வின் பெரும்பாலான பதிவுகள் விழுந்தன; நான் பார்த்த பட்டியல்கள் இத்தனை தெளிவாக இருப்பதற்கு அந்தத் தற்செயலும் ஒரு காரணம்.

காசியோப்பியா ஏ நம்மிடமிருந்து ஏறத்தாழ 11,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. வெடிப்பின் ஒளி 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பூமியை எட்டியிருக்க வேண்டும். ஆனால் அதை எவரும் ஐயமறப் பார்த்ததாகப் பதிவில்லை. ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஃபிளாம்ஸ்டீட் 1680இல் குறித்துவைத்த மங்கலான விண்மீன் இதுவாக இருக்கலாம் என்ற வாதம் இன்றும் முடியவில்லை. 1948இல் ரேடியோ அலைகளில்தான் இந்த எச்சம் முதலில் சிக்கியது. வேடிக்கை என்னவென்றால், வெடித்தபோது எவரும் கவனிக்காத அந்த ஒளியை வானியலாளர்கள் 2008இல் பார்த்துவிட்டார்கள். வேறு திசையில் கிளம்பிய ஒளி, தொலைவில் இருந்த தூசி மேகங்களில் பட்டுத் திரும்பி, முந்நூறு ஆண்டு தாமதமாக நம்மை அடைந்தது. அந்த எதிரொளியின் நிறமாலையை, அதாவது ஆற்றல்வாரியாகப் பிரித்த ஒளியை, எடுத்தபோது, பெரும்பகுதி ஹைட்ரஜனை இழந்துவிட்ட ஒரு பெருவிண்மீனின் வெடிப்பு இது என்பது உறுதியாயிற்று.

முதலில் இடம் என்ற பத்தி. 1999 ஆகஸ்ட் 26 அன்று நாசா வெளியிட்ட சந்திராவின் முதல் படமே காசியோப்பியா ஏதான். எச்சத்தின் நடுவில், அதுவரை எந்தத் தொலைநோக்கியும் பிரித்துக் காட்டியிராத ஒரு சிறு புள்ளி அதில் இருந்தது. சுற்றியுள்ள வாயு அவ்வளவு பிரகாசமானது. முந்தைய கருவிகளின் மங்கலான பார்வையில் அந்தப் புள்ளி கரைந்துபோயிருந்தது. வெடிப்பில் மிஞ்சிய நியூட்ரான் விண்மீன் அது. கணினித் திரையில் எச்சத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், கலங்கலான வாயுத் திட்டுகளுக்கு நடுவே அது மட்டும் சில கட்டங்களுக்குள் (பிக்சல்களுக்குள்) அடங்கி நிற்பது தெரியும். சூரியனைவிட மிகுந்த நிறையை ஒரு நகரத்தின் பரப்புக்குள் அடக்கிய பொருள் என்று தெரிந்துகொண்டு பார்த்தாலும், திரையில் அது ஒரு புள்ளிதான்.

ஆற்றல் என்ற பத்தியில்தான் உண்மையான சரக்கு இருக்கிறது. சாதாரணக் கேமராவின் சிசிடியில் பல ஃபோட்டான்கள் ஒன்றாகச் சேர்ந்தே ஒரு கட்டத்தை வெளுக்கச் செய்கின்றன. எக்ஸ் கதிர் அப்படி வெள்ளமாக வருவதில்லை. ஒன்று ஒன்றாக வருகிறது. சிலிக்கான் சில்லில் விழும் ஒரு எக்ஸ் கதிர் ஃபோட்டான், தன் ஆற்றலில் ஏறத்தாழ 3.7 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (துகள்களின் ஆற்றலை அளக்கும் சிறு அலகு இது) ஓர் எலக்ட்ரான் என்ற விகிதத்தில் எலக்ட்ரான்களை விடுவிக்கிறது. 1.86 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் ஏறத்தாழ 500 எலக்ட்ரான்களை விடுவித்தால், 6.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் ஏறத்தாழ 1,800ஐ விடுவிக்கும். 3.2 விநாடிக்கு ஒருமுறை சில்லைப் படித்து, எந்தக் கட்டத்தில் எத்தனை எலக்ட்ரான் என்று எண்ணினால், வந்த ஃபோட்டானின் ஆற்றல் தெரிந்துவிடும். (ஒரே இடைவெளிக்குள் இரண்டு ஃபோட்டான்கள் ஒரே இடத்தில் விழுந்தால் அவற்றைக் கருவி ஒன்றாகக் கூட்டிவிடும், மிகப் பிரகாசமான பொருள்களுக்கு இது பெரிய தொல்லை.)

இந்த எண்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், ஒவ்வொரு தனிமமும் தனக்கென உள்ள ஆற்றல்களில் மட்டுமே கதிர்விடும். வெடிப்பின் அதிர்ச்சி அலையால் சூடேறிய வாயுவின் வெப்பநிலை கோடிக்கணக்கான பாகை. அந்த வெப்பத்தில் சிலிக்கான் அணு தன் 14 எலக்ட்ரான்களில் 12ஐயும், இரும்பு தன் 26இல் 24ஐயும் இழந்து நிற்கின்றன. அந்த நிலையில் சிலிக்கான் 1.86 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும், கந்தகம் 2.45 அருகிலும், கால்சியம் 3.9 அருகிலும், இரும்பு 6.6 முதல் 6.7 வரையிலும் ஒளிர்கின்றன. பட்டியலிலிருந்து 1.86ஐ ஒட்டிய ஃபோட்டான்களை மட்டும் பிரித்தெடுத்து இடவாரியாக வரைந்தால், சிலிக்கானின் வரைபடம் கிடைத்துவிடுகிறது. ஃபோட்டான்களை எண்ணி நாசா 2017இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்த ஒரு வெடிப்பு வெளியே தள்ளிய கந்தகம் 10,000 பூமிகளின் எடை; சிலிக்கான் 20,000 பூமிகள்; இரும்பு 70,000 பூமிகள்; ஆக்சிஜனோ பத்து லட்சம் பூமிகளின் எடை.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது எச்சத்தின் தென்கிழக்குப் பகுதியை. வானப் படங்களில் கிழக்கு இடப்புறம் வருவதால், திரையில் அது இடது கீழ் மூலை. அங்கே விளிம்பை ஒட்டி ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் விழுந்த ஃபோட்டான்களின் நிறமாலையை எடுத்தால், 6.6 பக்கத்தில் இரும்பின் மேடு தெளிவாக எழும்பி நிற்கும். அதிலிருந்து சற்றே உள்ளே, மையத்தை நோக்கி இன்னொரு வட்டம் வரைந்தால், 1.86இல் சிலிக்கானின் முகடு ஓங்கி நிற்க, இரும்பு தணிந்துவிடும். இரும்பு வெளியே, சிலிக்கான் உள்ளே. இது தலைகீழான வரிசை. பெருவிண்மீனின் உள்ளே கனமான தனிமங்கள் நடுவிலும், இலேசானவை வெளியிலும் அடுக்கடுக்காக அமைகின்றன. சிலிக்கான் அடுக்குக்கு உட்புறத்தில்தான் இரும்பு உருவாகும். அது எப்படிச் சிலிக்கானைத் தாண்டி வெளியே வந்தது? ஜான் ஹியூஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000ஆம் ஆண்டிலேயே இதைச் சுட்டிக்காட்டி, வெடிப்பின்போது அடுக்குகள் புரண்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அப்போது சந்திரா பறக்கத் தொடங்கி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகால சந்திரா முடிவுகளில் எது முதன்மையானது என்று என்னைக் கேட்டால், எல்லோரும் சொல்லும் கருந்துளைப் படங்களை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

சந்திரசேகரின் பெயர் இந்தக் கருவிக்கு வெறும் மரியாதைக்காக வைக்கப்பட்டதன்று என்று நான் கருதுவதும் இங்கேதான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய இளைஞர், அந்தப் பயணத்திலேயே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார்: எலக்ட்ரான்களின் அழுத்தம் ஒரு விண்மீன் கருவைத் தாங்கி நிறுத்துவதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அது ஏறத்தாழ 1.4 சூரிய நிறை என்பதே பின்னர் நிலைபெற்ற மதிப்பு. பெருவிண்மீனின் நடுவில் சேரும் இரும்புக் கரு அந்த வரம்பை ஒட்டி வளர்ந்ததும் தன் எடையையே தாங்க முடியாமல் உள்நோக்கி இடிந்துவிழுகிறது. காசியோப்பியா ஏ-வில் நடந்ததும் அதுவே. இடிந்த கரு நடுவில் உள்ள நியூட்ரான் விண்மீனாயிற்று. நாம் தென்கிழக்கில் காணும் இரும்பு அந்தக் கருவின் இரும்பு அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். கருவுக்கு வெளியே இருந்த சிலிக்கான், வெடிப்பின் வெப்பத்தில் நிக்கலாக மாறி, அந்த நிக்கல் கோபால்ட்டாகச் சிதைந்து, கோபால்ட் இரும்பாகச் சிதைந்து வந்ததே இது.

இடிந்த கரு எப்படி வெளி அடுக்குகளைத் தூக்கி எறிகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. நியூட்ரினோக்கள் என்னும் மிக இலேசான துகள்கள் கருவைச் சுற்றியுள்ள பொருளைச் சூடாக்க, அது கொதித்துக் குமிழ்களாக மேலெழுந்து வெடிப்பைத் தள்ளுகிறது என்பது முன்னணி விளக்கம். 2021இல் தோஷிகி சாட்டோ தலைமையிலான குழு, அதே தென்கிழக்கு இரும்போடு சேர்ந்து டைட்டேனியமும் குரோமியமும் இருப்பதைச் சந்திராவின் பதிவுகளில் கண்டது. அந்தக் கலவை, நியூட்ரினோக்கள் சூடேற்றிய குமிழ்களில் விளையும் என்று கணக்கீடுகள் சொன்ன கலவையோடு ஒத்துப்போயிற்று. 2025இல் சாட்டோவின் குழு இன்னும் பின்னால் போயிற்று: சிலிக்கான் மிகுந்த பகுதிகளும் நியான் மிகுந்த பகுதிகளும் எச்சத்தில் தனித்தனியே கிடப்பதை வைத்து, வெடிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே விண்மீனின் உள் அடுக்கு ஒன்று உடைந்து அண்டை அடுக்கோடு கலக்கத் தொடங்கிவிட்டது என்று காட்டியது. ஒரு விண்மீனின் கடைசிச் சில மணி நேரம் முந்நூறு ஆண்டு கழித்து நம் கைக்கு வருகிறது என்றால், அதற்குக் காரணம் இடத்தையும் ஆற்றலையும் ஒன்றாகக் குறித்துவைத்த அந்தப் பட்டியல்தான்.

எக்ஸ் கதிரில் தெரிவது மட்டுமே எல்லாம் என்று எண்ணிவிடக் கூடாது. வெளியே விரையும் அதிர்ச்சி அலை சுற்றுப்புற வாயுவில் மோதுவதால், பின்னோக்கிய அதிர்ச்சி ஒன்றும் உருவாகிறது. அது தொட்டுச் சூடாக்கிய பொருளே எக்ஸ் கதிரில் ஒளிரும். தொடாத உட்பகுதி குளிர்ந்து இருண்டே கிடக்கும். நூஸ்டார் என்னும் மற்றொரு எக்ஸ் கதிர் விண்நோக்கி 2014இல் கதிரியக்க டைட்டேனியம்-44 சிதைவதால் வரும் 68, 78 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர்களை வரைபடமாக்கியது இதனால்தான் முக்கியமானது. அணுச் சிதைவுக்குச் சூடு தேவையில்லை. ஆகவே இருண்ட உட்பகுதியும் தெரிந்தது. சந்திரா காட்டிய இரும்பும் நூஸ்டார் காட்டிய டைட்டேனியமும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. நாம் பார்க்காத இரும்பு உள்ளே இன்னும் இருக்கக்கூடும் என்பது அதற்கு ஒரு விளக்கம்.

நேரம் என்ற பத்தி மெதுவாகப் பேசும். எச்சத்தின் வெளி அதிர்ச்சி விநாடிக்கு ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது. 11,000 ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து பார்த்தால், சந்திராவின் உணரியில் அது இரண்டே ஆண்டுக்குள் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். பல ஆண்டுப் பதிவுகளை அடுத்தடுத்து ஓட்டினால் விளிம்பின் இழைகள் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த இழைகளில் தனிமங்களின் வரிகள் இல்லை. ஏறத்தாழ ஒளியின் வேகத்துக்கு முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழல்வதால் வரும் கதிர் அது. விண்வெளியில் விரையும் உயர் ஆற்றல் துகள்களான காஸ்மிக் கதிர்கள் பிறக்கும் இடங்களில் சூப்பர்நோவா எச்சங்களும் உண்டு என்பதற்கு அந்த இழைகள் ஒரு சான்று. மேற்குப் புறத்திலோ பின்னோக்கிய அதிர்ச்சி உள்நோக்கியே நகர்கிறது என்பதை அளந்திருக்கிறார்கள். இந்த எச்சத்தில் எதுவும் எல்லாத் திசையிலும் ஒன்றாக நடக்கவில்லை.

உயிருள்ள விண்மீன்களுக்கு நேரப் பத்தி இன்னும் வேகமாகப் பேசும். 2003 ஜனவரியில் சந்திரா ஓரியன் நெபுலாவை ஏறத்தாழ 13 நாள் பார்த்து, 1,600க்கும் மேற்பட்ட எக்ஸ் கதிர் மூலங்களைப் பதிவு செய்தது. அவற்றுள் சூரியனின் குழந்தைப் பருவத்தை ஒத்த விண்மீன்களில், இன்றைய சூரியனில் காணாத அளவு வலிய தீப்பிழம்புகள் அடிக்கடி வெடித்தன. கோள்கள் உருவாகும் காலத்தில் அவற்றின்மேல் என்ன பொழியும் என்பதற்கு அது நேரடியான அளவீடு.

கருவியின் முதுமையும் இந்தக் கணக்கில் கலந்துவிடுகிறது. நடுவிலுள்ள நியூட்ரான் விண்மீனின் நிறமாலை முதலில் ஒத்துவரவில்லை. ஹைட்ரஜன் வளிமண்டலம் என்று வைத்துக் கணக்கிட்டால், ஆரம் நியூட்ரான் விண்மீனுக்கு ஒவ்வாத அளவு சிறியதாக வந்தது. 2009இல் வின் ஹோவும் கிரெய்க் ஹைன்கேயும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டரே தடிமனான கார்பன் வளிமண்டலம் என்று வைத்துப் பார்க்க, ஆரம் சரியாக அமைந்தது. அடுத்த ஆண்டே அவர்கள், பத்தாண்டில் அந்த விண்மீனின் வெப்பநிலை ஏறத்தாழ 4 சதவீதம் குறைந்ததாக அறிவித்தார்கள். அதன் உட்புறத்தில் நியூட்ரான்கள் உராய்வின்றி ஓடும் மீபாய்ம நிலைக்கு மாறுவதுதான் காரணம் என்று 2011இல் இரு குழுக்கள் விளக்கம் தந்தன. ஆனால் கேமராவின் வடிகட்டிமேல் ஆண்டுக்காண்டு ஒரு மெல்லிய படிவு சேர்ந்துவருகிறது. குறைந்த ஆற்றல் ஃபோட்டான்களை அது விழுங்குகிறது. அந்தப் படிவைத் திருத்தமாகக் கணக்கிட்ட பிந்தைய ஆய்வுகளில் குளிர்ச்சியின் வேகம் குறைந்தே வந்தது. எவ்வளவு விண்மீன் குளிர்ந்தது, எவ்வளவு கருவி மங்கியது என்பதைப் பிரிப்பதில்தான் வாதம் நிற்கிறது. பரபரப்பான முதல் செய்தியைவிட இந்தப் பொறுமையான பிந்தைய வேலைதான் எனக்கு மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது.

சந்திராவால் ஆகாதவற்றைச் செய்யப் புதிய கருவிகள் வந்திருக்கின்றன. 2023 செப்டம்பரில் ஜப்பான் ஏவிய எக்ஸ்ரிசம் விண்நோக்கி, ஃபோட்டானின் ஆற்றலைச் சந்திராவின் சிசிடியைவிடப் பல மடங்கு நுணுக்கமாக அளக்கிறது. ஆனால் இடத்தைப் பிரிப்பதில் அது மிகவும் மங்கல். 2024 புத்தாண்டு நாளில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எக்ஸ்போசாட் செயற்கைக்கோளின் எக்ஸ்பெக்ட் கருவியும் முதல் பதிவுக்குக் காசியோப்பியா ஏ-வையே எடுத்துக்கொண்டது. அது படமே எடுக்காத கருவி. நிறமாலை மட்டும் தந்தது. அதில் மக்னீசியம் முதல் இரும்பு வரை தனிமங்களின் வரிகள் அடையாளம் தெரிந்தன. இடம், ஆற்றல் இரண்டிலும் ஒரே சமயத்தில் கூர்மையான கருவி இன்னும் கட்டப்படவில்லை. ஐந்தாண்டுக்கு என்று திட்டமிட்ட சந்திராவோ கால் நூற்றாண்டைத் தாண்டியும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

இதைப் படித்துவிட்டுத் தாமே பட்டியலைத் திறந்து பார்க்க எண்ணுவோர்க்கு ஒன்று சொல்வேன். சந்திராவின் காப்பகம் எல்லோருக்கும் திறந்தது. சியாவ் என்ற ஆய்வு மென்பொருளும் டிஎஸ்9 என்ற படப் பார்வைச் செயலியும் விலையில்லாதவை. 2000 ஜனவரியில் எடுத்த, ஏறத்தாழ 50,000 விநாடி நீண்ட காசியோப்பியா ஏ பதிவிலிருந்து தொடங்குவது நல்லது. வடிகட்டிமேல் படிவு அதிகம் சேராத காலத்தது அது. முதலில் 1.7 முதல் 2.0 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை பிரித்து ஒரு படமும், 6.4 முதல் 6.9 வரை பிரித்து ஒரு படமும் வரைந்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பிந்தைய ஆண்டுப் பதிவுகளோடு ஒப்பிடும் ஆசை வரும். அந்தந்த ஆண்டுக்குரிய அளவுத்திருத்தக் கோப்புகளைச் சேர்க்காமல் 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே உள்ள எதையும் ஒப்பிடாதீர்கள்.